பெர்ரிமன் கல்லறைத் தோட்டத்துக்கு ஆள் தேடிய ஆரோக்கியசெல்வி

2024 பிப்ரவரி 19, திங்கட்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஆரோக்கியசெல்வி ஒரு தூக்குப்போசி நிறைய மிளகு ரசத்துடன் மஞ்சக்குட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அவளை அறிவேன். எனக்காக அவள் ரசம் வைத்தது அதுவே முதல் தடவை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. வாசலில் நின்றபடி என்னைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, ஒடம்பு எப்படிங்க இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது."

"இருமல்?"

"போன வாரமே நின்னு போச்சு."

"அப்படிங்களா," என்றாள். அந்தக் குரலில் இருந்தது மகிழ்ச்சி என்று என்னால் எழுத முடியாது.

"உங்களுக்கு எண்பத்திரண்டுங்களா?"

"எண்பத்தொண்ணு. ஜூன் வந்தா எண்பத்திரண்டு."

"எடம் எங்கீங்க பாத்து வெச்சிருக்கறீங்க?"

எந்த இடம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சர்ச் கல்லறையில், என் மனைவிக்குப் பக்கத்தில் என்றேன்.

"அங்க நொம்ப நெருக்கமுங்க. அக்காவே ஒருக்களிச்சுத்தான் படுத்திருக்கும். எங்க பக்கம் நல்லாக் காத்தோட்டமா இருக்குது. நீங்க ஒருக்கா வந்து பாருங்க."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது. ஆகஸ்ட் 14-ஆம் தேதிக்குள்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெர்ரிமன் என்ற வெள்ளைக்காரர் 1841-இல் இந்த மலைக்கு வந்து காடு வெட்டிக் காப்பி போட்டார். 1843-இல் அவருடைய நான்கு மாதக் குழந்தை எட்வின் காய்ச்சலில் இறந்தது. சர்ச் தூரம், மழையும் விடவில்லை, ஆகவே தோட்டத்திலேயே ஒரு மேட்டில் புதைத்தார். அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் யார் இறந்தாலும் அங்கேதான். பதினெட்டு சென்ட் நிலம், மூன்றடி உயரக் கருங்கல் சுவர், உள்ளே ஒரு ஆரஞ்சு மரம், பதினான்கு கல்லறைகள். கேட்டை ஒட்டிக் காவல்காரருக்கு இரண்டு அறை வீடு. கடைசியாக அடக்கமானவர் எடித் அம்மையார், 1964 ஆகஸ்ட் 14. நான் அப்போது எஸ்டேட்டில் ஜூனியர் ரைட்டர், கணக்கும் பதிவும் எழுதுகிற வேலை. பதிவேட்டில் வரிசை எண் 14 என்று எழுதியது நான்தான்.

அந்த இரண்டு அறை வீட்டின் வடக்கு அறையில்தான் 1962 நவம்பர் 9 அன்று ஆரோக்கியசெல்வி பிறந்தாள். அப்பா லாசர் காவல்காரர். எஸ்டேட்டில் காப்பிப் பழத்தோல் உரிக்கும் கொட்டகையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள். ஜீப் டிரைவர் ஜெப்சனைக் கல்யாணம் செய்து அவரையும் அதே வீட்டுக்கு அழைத்து வந்தாள். அப்பாவுக்குப் பிறகு சாவி அவள் இடுப்புக்கு வந்தது. பிள்ளைகள் இல்லை. அந்தப் பதினான்கு பேரைத்தான் அவள் வீட்டு மனிதர்களைப் போலப் பேசுவாள். எடித் அம்மையாருக்குக் கோபம் அதிகம், கேப்டன் மேல் எப்போதும் பாசி பிடிக்கும், சோம்பேறி, என்றெல்லாம்.

பிப்ரவரி 16-ஆம் தேதி எஸ்டேட்டின் புது மேனேஜர் சந்திரசேகர் அவளிடம் ஒரு ஆங்கிலக் காகிதத்தின் நகலைக் கொடுத்தார். பெர்ரிமன் குடும்பம் 1963-இல் எஸ்டேட்டை விற்றபோது எழுதிய பத்திரத்தின் ஒரு பக்கம் அது. அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. மேனேஜர் வாயால் சொன்னார்: கல்லறைத் தோட்டம் காவல்காரர் வசம் இருக்கும். குடும்பத்தாரையோ எஸ்டேட்டில் வேலை பார்த்தவரையோ அங்கே புதைக்கலாம். ஆனால் ஒரு அடக்கத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே அறுபது வருடம் கடந்துவிட்டால் நிலம் எஸ்டேட்டுக்குத் திரும்பிவிடும், காவல் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அந்த மேட்டிலிருந்து சேலம் முழுவதும் தெரியும். அங்கே டூரிஸ்டுகளுக்கு ஆறு காட்டேஜ் கட்டப் போகிறார்களாம்.

"ஆகஸ்ட் பதினாலுக்குள்ள ஒரு ஆள் அடக்கம் ஆயிட்டா நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்ங்க," என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவர் அதை வேடிக்கையாகச் சொன்னார். அவள் அதை வேலையாக எடுத்துக்கொண்டாள்.

"கடைசியாப் பொதைச்ச ஆள் எடித் அம்மாதானுங்களா? அதுக்கப்புறம் யாருமே இல்லீங்களா?" என்று அன்றைக்கு என்னைக் கேட்டாள்.

"ஒரு ஆளும் இல்லை," என்றேன்.

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அது. இதைப் பின்னால் அவள் வேறு மாதிரிச் சொன்னாள்.

அறுபது வருடமாக அங்கே ஒருவரும் போகாததற்குக் காரணம் உண்டு. எஸ்டேட் ஜனங்களில் கிறிஸ்தவர்களுக்குச் சர்ச் கல்லறை இருக்கிறது, மற்றவர்களுக்கு ஊர்ச் சுடுகாடு இருக்கிறது. எல்லாருக்கும் சொந்த ஜனங்களுக்குப் பக்கத்தில் படுக்கத்தான் ஆசை. துரைமாரோடு படுத்தால் உயிர்த்தெழும் நாள்வரை இங்கிலீஷில் பேச வேண்டுமே என்ற பயமும் இருந்தது. லாசரையே அங்கே வைக்கலாம் என்று 1998-இல் பேச்சு வந்தபோது, சாகக் கிடந்த மனிதர் கண்ணைத் திறந்து, "நாப்பது வருசம் இவங்களுக்குக் காவல் இருந்தாச்சு, செத்த பொறகாவது லீவு குடுங்க," என்றார். 2011-இல் ஜெப்சன் இறந்தார். அவருடைய அண்ணன் தம்பிகள் சர்ச்சுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது செல்வி மறுக்கவில்லை. இப்போது வருந்தினாள்.

"அந்த மனுசன் கடைசி வரைக்கும் ஒரு ஒத்தாசைக்கு ஆகலீங்க," என்றாள்.

எஸ்டேட்டில் வேலை பார்த்து, எண்பதைத் தாண்டி, உயிரோடு இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டாள். பழைய செக்ரோல், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவு, எனக்கு மனப்பாடம். ஐந்து பேர். ஐந்தாவது நான். நான்கு பெயரைச் சொல்லி நிறுத்தினேன். அவள் விரலை மடக்கி எண்ணிவிட்டு, மடக்காத ஒரு விரலோடு என்னைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஓய்வில்லை. ஐந்து வீட்டுக்கும் முறை வைத்துக் கேழ்வரகுக் கஞ்சி, கொள்ளு ரசம், ஞாயிறு என்றால் நாட்டுக்கோழிச் சாறு. வியாழனும் சனியும் எனக்கு. வெள்ளக்கடையில் படுத்த படுக்கையாகக் கிடந்த அருக்காணிக்கு வயது தொண்ணூற்றொன்று. செல்வி அதிகம் நம்பியது அவளைத்தான். வாரம் மூன்று தடவை ஷேர் ஜீப்பில் போய் வந்தாள். மார்ச் 22 அன்று நானும் கூடப் போனேன், எனக்கும் அருக்காணியைப் பார்த்து நாளாகியிருந்தது.

"எதுக்கு கண்ணு இத்தன தடவ வர்றே?" என்று அருக்காணி கேட்டாள்.

"சும்மாதானுங்க பெரியம்மா."

"சும்மா வந்தவ முந்தாநேத்து என்னைய நாடாவுல எதுக்கு அளந்தே?"

"உங்களுக்கு ஒரு ரவிக்க தெச்சுக் குடுக்கலாமுன்னுங்க."

"ரவிக்கைக்கு உச்சந்தலையில இருந்து பாதம் வரைக்கும் அளக்கோணுமா?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அருக்காணி கோபப்படவில்லை. கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு யோசித்தாள்.

"ஆரஞ்சு மரத்தடி குடுப்பியா?"

"உங்களுக்கு இல்லாததுங்களா பெரியம்மா."

"பக்கத்துல அந்த வெள்ளக்காரம்மா இருப்பாளே. அவகிட்ட நான் என்ன பேசறது?"

"ஒண்ணும் பேச வேண்டாமுங்க. அறுவது வருசமா அது ஒரு வார்த்த பேசல."

"அப்பச் சரி," என்றாள் அருக்காணி. "சித்திரை தாண்ட மாட்டேன். நீ குழிய வெட்டி வெச்சுக்க."

சித்திரை தாண்டியது. வைகாசியும் தாண்டியது. அந்த வீட்டில் பல வருடமாக யாரும் அருக்காணிக்கு வேளைக்குச் சோறு ஊட்டி, கால் பிடித்துவிட்டு, உட்காரவைத்துக் கதை பேசியதில்லை. ஏப்ரலில் எழுந்து உட்கார்ந்தாள். மே மாதம் சுவரைப் பிடித்து நடந்தாள். ஜூன் 11 அன்று தானாக ரேஷன் கடைவரை போய், வரிசையில் முன்னால் நின்றவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள். மற்ற மூவர் கதையும் இதேதான். ஒருவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, ஒருவர் கைத்தடியை விட்டுவிட்டார், இன்னொருவர் பேரன் கல்யாணத்துக்கு மதுரை போய்த் திரும்பினார். என் எடை பிப்ரவரியில் ஐம்பத்தெட்டு கிலோ, ஜூனில் அறுபத்தொன்று.

"நான் ஊத்துன கஞ்சியே எனக்கு எதிரியாப் போச்சுங்க," என்று ஜூன் 27-ஆம் தேதி என் வீட்டில் உட்கார்ந்து சொன்னாள். தூக்குப்போசி கையில் இருந்தது, ஆனால் திறக்கவில்லை. "போதுமுங்க. பொட்டி கட்டிட்டேன். பதிவேட்ட வந்து வாங்கிக்குங்க, அதைய அந்தக் காட்டேஜ்காரங்க கையில குடுக்க எனக்கு மனசில்ல."

எங்கே போவாய் என்று கேட்டேன். மரியபுஷ்பம் என்று ஆத்தூரில் ஒரு நாத்தனார் இருப்பதாகச் சொன்னாள். இருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள், வரச் சொன்னாள் என்று சொல்லவில்லை.

"கல்லையெல்லாம் என்ன பண்ணுவாங்களாமா?"

"நடைபாதையில அழகாப் பதிப்பாங்களாமுங்க. எட்வின் கல்லு இத்துணூண்டு. நான்தான் தெனமும் தொடைப்பேன். அது மேல செருப்புக் காலோட நடப்பாங்களாமுங்க." ரசத்தை மறந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 3, புதன்கிழமை காலை பதிவேட்டை வாங்கப் போனேன். வடக்கு அறையில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் கயிறு கட்டி இருந்தன. எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். பாதி குடிப்பதற்குள் கேட் சத்தம் கேட்டது. செம்மநத்தம் மாதையன் வந்தார், ஒரு கையில் கம்பு, ஒரு கையில் பொட்டலம்.

மாதையன் வருடா வருடம் அந்தத் தேதியில் வருவார். 1991-இல் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரம் வெட்டும்போது ஒரு துண்டு உருண்டு அவருடைய இடது கால் நசுங்கிவிட்டது. சேலத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவர் மனைவி கண்ணாயி, என் வீட்டுக்காரர் காலை நான் எங்கேயோ விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லி, அதை வேட்டியில் சுற்றிச் சாக்கில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். என்னம்மா அது என்று கண்டக்டர் கேட்டதற்குக் கால் என்று உண்மையையே சொன்னாள். "சூப்புக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்தார். ஆனால் செம்மநத்தம் சுடுகாட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருப்பவனின் ஒரு பாகத்தை அங்கே வைத்தால், அங்கே படுத்திருக்கும் முன்னோர்கள் மீதியையும் கூப்பிட்டுக்கொள்வார்களாம். கண்ணாயி சாக்கோடு லாசரிடம் வந்தாள். "இங்க கொண்டா ஆத்தா, எங்க துரைமாருக்குத் தமிழ்ல கூப்பிடத் தெரியாது," என்றார் லாசர். மேற்குச் சுவர் ஓரமாகக் குழி வெட்டினார்.

இப்போது மாதையன் அந்த ஓரத்துக்குப் போய், பொட்டலத்தைப் பிரித்து, ஒரு புது சாக்ஸை எடுத்து, அங்கே அடையாளத்துக்குக் கிடந்த கல்லுக்கு அடியில் செருகினார். ஜோடியில் மற்றது அவருடைய வலது காலில் இருந்தது. "மழைக்கு அட்டை நொம்ப இருக்குது, போட்டுக்க," என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். ஒரு பீடியைப் பற்றவைத்துக் கல்மேல் வைத்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"என்னுங்க செல்வி, பொட்டியெல்லாம் கட்டி வெச்சிருக்கறீங்க?"

அவள் சுருக்கமாகச் சொன்னாள். அறுபது வருடம், ஒரு ஆள், ஆகஸ்ட் பதினான்கு.

மாதையன் தலையைச் சொறிந்தார். "முழு ஆள்தான் வேணுமுங்களா? நான் ஒரு பங்கு ஏற்கெனவே வந்து படுத்துட்டனே."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். மேனேஜர் கொடுத்த காகிதம் எங்கே என்று கேட்டேன். பைபிளுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்த ஐந்து மாதத்தில் அதை நான் படிக்கவே இல்லை. அவள் வாயால் கேட்டதையே நம்பியிருந்தேன். என் வாழ்நாளில் மூலத்தைப் பார்க்காமல் நான் நம்பியது அது ஒன்றுதான். அதில் ஆள் என்ற பேச்சே இல்லை. குடும்பத்தாருடையதோ எஸ்டேட் வேலையாளுடையதோ, காவல்காரர் கையெழுத்துடன் பதிவேட்டில் வரிசை எண் பெற்ற எந்த அடக்கமும் கணக்கில் சேரும் என்று இருந்தது. உடல் முழுவதுமானாலும் பகுதியானாலும் என்று கூட ஒரு வரி. அந்தக் குடும்பத்தில் ஒருவர் யுத்தத்திலிருந்து பெட்டியில் கொஞ்சமாகத்தான் வந்தார், அவரை நினைத்துச் சேர்த்திருப்பார்கள்.

பதிவேட்டைத் திறந்தேன். அங்கே இருந்தது, என் கையெழுத்தில்.

வரிசை எண் 15. நாள்: 3-7-1991, புதன். பெயர்: மாதையன், மரம் வெட்டும் பிரிவு. விவரம்: இடது கால், முழங்காலுக்குக் கீழ். காவல்காரர் கையெழுத்து: லாசர். குறிப்பு: மீதிப் பாகம் நலமாக உள்ளது.

இதற்கு எண் கொடுக்க வேண்டாம், கடைசிப் பக்கத்தில் சும்மா எழுதி வையுங்கள் என்றுதான் லாசர் அன்றைக்குச் சொன்னார். குழிக்குள் போனது எதுவாக இருந்தாலும் எண் இல்லாமல் போகக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எஸ்டேட் ஆபீஸில் ஒரு வருடம் என்னைக் கேலி செய்தார்கள்.

உரக்கப் படித்து முடித்தேன். செல்வி என் பக்கம் வந்து அந்த வரிமேல் விரலை வைத்தாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, இது உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமா."

"அஞ்சு மாசமாப் போசியத் தூக்கிக்கிட்டு மலையெல்லாம் அலைஞ்சனே, அப்ப இது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். ஆனா கடைசியாப் பொதைச்ச ஆள் யாருன்னுதான் நீ கேட்டே. காலைப் பத்தி நீ கேக்கலை."

அவள் என் முன்னால் இருந்த டம்ளரை எடுத்தாள். அதில் பாதி டீ இருந்தது. அதை மாதையனிடம் கொடுத்தாள்.

ஜூலை 8 அன்று மேனேஜர் வந்தார், நாங்கள் மூவரும் பதிவேட்டைக் காட்டினோம். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. "தப்பா நெனைக்காதீங்கய்யா. கால் அடக்கமாயிருக்கலாம். ஆனா காலோட சொந்தக்காரர் என் முன்னால நிக்கறாரே," என்றார்.

"ஒத்தக் காலுலதானுங்க நிக்கறேன்," என்றார் மாதையன். வேட்டியைத் தூக்கிச் செயற்கைக் காலை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார்.

ஜூலை 15 அன்று எஸ்டேட்டின் வக்கீல் சசிரேகா சேலத்திலிருந்து வந்தார். பதிவேட்டை இருபத்தைந்து நிமிடம் பார்த்தார். முதல் பக்கத்திலிருந்தே பார்த்தார், எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. மூன்று கேள்வி கேட்டார். இது காவல்காரர் கையெழுத்தா? ஆமாம். மாதையன் அப்போது எஸ்டேட் வேலையாளா? செக்ரோல் நகலைக் காட்டினேன். அன்றைய தினமே எழுதியதா? அன்று மாலை நான்கு இருபதுக்கு என்றேன். குறிப்புப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"உள்ள கால் இருக்குதுன்னு என்ன நிச்சயம் மேடம், தோண்டிப் பாத்துரலாமே," என்றார் மேனேஜர்.

"தாராளமாத் தோண்டுங்க," என்றாள் செல்வி. "ஆனா அடக்கமானதத் தோண்டறதுன்னா நெருங்கின சொந்தத்தோட சம்மதம் வேணுமில்லீங்க?"

எல்லாரும் மாதையனைப் பார்த்தார்கள். இதைவிட நெருங்கின சொந்தம் யாருக்கும் இருந்திருக்காது.

"சம்மதமில்லீங்க," என்றார். "பாவம், தூங்கட்டும்."

ஆகஸ்ட் 2 தேதியிட்ட கடிதம் வந்தது. கடைசி அடக்கம் 1991 ஜூலை 3 என்று எஸ்டேட் ஏற்றுக்கொள்வதாகவும், அடுத்த கெடு 2051 ஜூலை 3 என்றும் அதில் இருந்தது. கணக்குச் சரிதானா என்று நான் இரண்டு தடவை பார்த்தேன், சரிதான். செல்வி டிரங்குப் பெட்டிகளின் கயிற்றை அவிழ்த்து, அதே கயிற்றைத் துணி காயப்போடக் கட்டினாள்.

இப்போது எனக்கு ரசம் வருவதில்லை. கடைசியாக வந்த நாள் 2024 ஜூன் 22, சனிக்கிழமை. அருக்காணிக்கு மட்டும் இன்னும் போகிறது. அவள் விடவில்லை. ஆரஞ்சு மரத்தடி தனக்குத்தான் என்று பதிவேட்டில் இப்போதே எழுதச் சொல்லி ஆள்மேல் ஆள் அனுப்புகிறாள். நடக்காததை எழுத மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மாதையன்தான் வாரம் ஒரு தடவை வந்துவிடுகிறார். என் காலு சம்பாதிச்ச ஊடு இது என்று சொல்லி, உள்ளே வந்து உட்கார்ந்து, டீ கேட்கிறார். செல்வி மேற்குச் சுவர் ஓரத்தில் ஒரு கல் நட்டிருக்கிறாள். மற்றக் கற்களில் கால்வாசி உயரம். மாதையன் இடது கால், 1953–1991 என்று வெட்டியிருக்கிறது. தேதியை நான் சரிபார்த்தேன்.

சென்ற வாரம் நான் போயிருந்தபோது மாதையன் டீயை ஊதிக்கொண்டே கேட்டார். "ஏனுங்க செல்வி, நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மிச்சத்த எங்க வெக்கறதுங்க? எங்க ஊருலயா, இங்கயா?"

"இங்கயே வாங்க, சேந்தாப்புல இருக்கட்டும்," என்றாள் செல்வி. அவருக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். பிறகு என் டம்ளரையும் நிரப்பினாள். "ஆனா அம்பத்தொண்ணு வரைக்கும் அவசரமில்லீங்க. மெதுவா வாங்க, ரெண்டு பேரும்."